பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பேச்சு, பண்டமாரானில் ஒரு பேச்சு

தேர்தல் வந்துவிட்டால் மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் முதலில் கேட்பது புஷ்பவல்லியின் குரல்தான். கட்சிக்கொடிகள் மின்கம்பங்களில் ஏறுவதற்கு முன்பே அவள் தன் பள்ளி வேனின் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். காலையிலும் மதியத்திலும் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றி இறக்கும் அதே வேன், சாயங்காலம் தெருத்தெருவாக ஓட்டுக் கேட்கும். எழுதி வைத்துப் படிக்கிற பழக்கம் அவளுக்கில்லை. வேட்பாளர் என்ன சொல்கிறார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வாள், அதைத் தன் வாயால், தன் சனத்துக்குப் புரிகிற மாதிரி சொல்வாள். கட்சியில் அவளுக்குப் பெரிய பதவி கிடையாது. மகளிர் பகுதியில் ஏதோ ஒரு பொறுப்பு. ஆனால் இந்தத் தமிழர் குடியிருப்புகளில் அவள் சொன்னால் நம்புவார்கள் என்பது கட்சிக்குத் தெரியும். அது அவளுக்கும் தெரியும். அதில் ஒரு கர்வமும் உண்டு.

ஐம்பதைத் தாண்டியவள். கணவர் சின்னையா துறைமுகத்தில் லோரி ஓட்டி முதுகு போனதால் வீட்டோடு இருப்பவர். பிள்ளைகள் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும். அவளுக்குக் கோபம் வந்தால் மற்றவர்களைப் போலக் குரல் உயராது, இறங்கும். வேனில் சண்டை போடும் பிள்ளைகள்கூட அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் வாயை மூடிக்கொள்வார்கள்.

இரண்டாயிரத்து ஏழில் கோலாலம்பூரில் இந்தியர்கள் திரண்ட அந்தப் பெரும் பேரணிக்கு அவளும் சின்னையாவும் போனார்கள். கண்ணீர்ப்புகை அடித்தபோது கண் தெரியாமல் ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஒரு மலாய்க்காரப் பெண் தண்ணீர்ப் போத்தலை அவள் முகத்தில் கவிழ்த்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அதற்குப் பிறகுதான் புஷ்பவல்லி அரசியலுக்கு வந்தாள். ஓட்டு என்பது சும்மா வருவதில்லை, அதற்காக யாரோ எங்கேயோ மூச்சு முட்டியிருக்கிறார்கள் என்று மேடைக்கு மேடை சொல்வாள். மனதார நம்பித்தான் சொன்னாள்.

அதனால்தான் மலர் அவள் வீட்டுப் பின்னறைக்குக் குடிவந்தபோது, இருவருக்கும் சீக்கிரமே ஒட்டிக்கொண்டது.

மலர் பர்மாவில் பிறந்த தமிழ்ப்பெண். ரங்கூனுக்கு வெளியே ஒரு சிற்றூரில் அரசாங்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். காகிதத்தில் அவள் பெயர் கின் மார், வீட்டில் மலர். ஓட்டுப்போட்டு மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சியை ராணுவம் பிடுங்கிக்கொண்டபோது, நாடே எழுந்ததே, அப்போது அவளும் எழுந்தாள். பள்ளிக்குப் போக மாட்டேன், ராணுவத்தின் சம்பளம் வேண்டாம் என்று சொன்ன ஆயிரக்கணக்கான ஆசிரியர்களில் ஒருத்தி. மாலையில் ஊர் மொத்தமும் சட்டிப்பானையைத் தட்டி எதிர்ப்புக் காட்டும்; அவளும் அம்மாவின் இட்லிப் பானையை நெளிகிற வரை தட்டினாள். கணவனை ஊர்வலத்திலிருந்து இழுத்துப்போனார்கள். ஜெயிலில் இருக்கிறான் என்ற செய்தி எப்போதாவது, சுற்றி வளைத்து, யார் வழியாகவோ வரும். அவளையும் தேடி வந்தார்கள். தாய்லாந்து எல்லை, காடு, மீன் லோரி என்று எப்படியோ கிள்ளான் வந்து சேர்ந்தாள். கையில் ஐநா அகதி அட்டை. அந்த அட்டை வைத்திருப்பவர்களுக்கு இங்கே வேலை செய்ய உரிமை இல்லை, ஆனால் சாப்பிட வேண்டுமே. பண்டமாரான் கடைத்தெருவில் ஒரு டோபி கடையில் துணி துவைத்து மடித்துக் கொடுத்தாள்.

வீட்டில் அவள் அதிகம் பேச மாட்டாள். ஆனால் புஷ்பவல்லி பேரணிக் கதையைச் சொன்ன அன்று, கண்ணீர்ப்புகைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, எரிச்சல் கூடத்தான் செய்யும், நாங்கள் வேறு முறை கற்றுக்கொண்டோம் என்று மலர் சொல்ல, இரண்டு பெண்களும் அடுப்படியில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சின்னையா எட்டிப் பார்த்துவிட்டு, இதிலென்ன சிரிப்பு என்று புரியாமல் போய்விட்டார்.

அந்த வருடம்தான் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் திடீரென்று இறந்துபோக, மூன்று பேர் போட்டியிட்டார்கள். புஷ்பவல்லியின் கட்சி நிறுத்தியது கமலநாதன் என்ற வழக்கறிஞரை. நாற்பது வயதுக்காரர், நன்றாகப் படித்தவர், மூன்று மொழியிலும் சரளமாகப் பேசுவார். எதிரே நின்றவர் ரோஸ்லான், வெளிநாட்டுத் தூதரகங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மூன்றாமவர் சுகுமாறன், துறைமுகத்தில் லோரிகளும் கிடங்குகளும் வைத்திருக்கும் பணக்காரர், சுயேச்சை.

கமலநாதனுக்கு உலக விவகாரங்களில் ஆர்வம் அதிகம் என்று பெயர். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மனித உரிமைச் சங்கம் மூன்று வேட்பாளர்களையும் அழைத்து, வெளியுறவுக் கொள்கை பற்றி மட்டும் பேச ஒரு கூட்டம் வைத்தது. தன் சார்பில் ஆட்கள் வர வேண்டும் என்று கமலநாதன் கேட்டதால் புஷ்பவல்லி வேனில் மகளிர் பகுதிப் பெண்களை ஏற்றிக்கொண்டாள். மலரையும் கூப்பிட்டாள். அவள் தயங்கினாள். உன் நாட்டைப் பற்றித்தான் பேசப் போகிறார்கள், நீ கேட்காமல் யார் கேட்பது என்று வற்புறுத்தி ஏற்றினாள்.

மண்டபம் குளிரூட்டியது. முன்வரிசையில் பேராசிரியர்கள், வழக்கறிஞர்கள், பத்திரிகைக்காரர்கள். கூட்டத்தை நடத்திய ஷாமினி என்ற இளம் விரிவுரையாளர் சுற்றி வளைக்காமல் கேட்டாள். இலங்கையில் மக்கள் எழுந்தார்கள், பங்களாதேஷில் மாணவர்கள் எழுந்தார்கள், மியன்மாரில் எழுந்த மக்களை ராணுவம் இன்னமும் சுட்டுக்கொண்டிருக்கிறது; இப்படி ஒரு நாட்டு மக்கள் ஜனநாயகம் கேட்டு வீதிக்கு வரும்போது மலேசியா என்ன செய்ய வேண்டும், நீங்கள் தனியாக என்ன செய்வீர்கள்?

ரோஸ்லான் மலாயில் நிதானமாகப் பேசினார். அடுத்த வீட்டுச் சண்டையில் நாம் தலையிடுவதில்லை, அதுதான் தென்கிழக்காசிய நாடுகளின் ஆசியான் கூட்டமைப்பின் வழக்கம், யார் நாற்காலியில் இருக்கிறார்களோ அவர்களோடுதான் அரசாங்கம் பேச முடியும் என்றார். அங்கிருந்து வந்தவர்களைப் பற்றிக் கேட்டதற்கு, சட்டம் என்ன சொல்கிறதோ அதுதான், அதற்குமேல் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். பின்வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

சுகுமாறன் சிரித்துக்கொண்டே பேசினார். யார் ஆண்டாலும் கப்பல் வர வேண்டும் என்றார். பங்களாதேஷில் கலவரம் வந்தபோது தன் கொள்கலன்கள் அந்தத் துறைமுகத்தில் எப்படி மாட்டிக்கொண்டன என்று கதையாகச் சொன்னார். கூட்டம் சிரித்தது. புஷ்பவல்லிக்கு அப்போதே கோபம் ஏறியது. அங்கே பிள்ளைகள் செத்திருக்கிறார்கள், இந்த ஆளுக்குப் பெட்டி வந்து சேராததுதான் குறை.

பிறகு கமலநாதன் எழுந்தார். மேசைக்குப் பின்னால் நிற்காமல் முன்னால் வந்து நின்றார். மக்களைச் சுடும் ராணுவத்தோடு கைகுலுக்கும் எந்த அரசாங்கத்தையும், அது தன் கட்சியின் அரசாங்கமாக இருந்தாலும், எதிர்த்துப் பேசுவேன் என்றார். மியன்மார் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர்களோடு நாம் வெளிப்படையாகப் பேச வேண்டும் என்றார். அங்கிருந்து உயிர் தப்பி வந்தவர்களுக்கு இங்கே வேலை செய்யும் உரிமை கேட்டுத் தானே தீர்மானம் கொண்டுவருவேன் என்றார். கடைசியாகத் தமிழில், முன்வரிசையைத் தாண்டிப் புஷ்பவல்லி இருந்த பக்கம் பார்த்து, "நம்மளும் கண்ணீர்ப்புகை வாங்கினவங்கதான். அவங்க போராட்டம் நம்ம போராட்டம்" என்றார்.

மண்டபம் எழுந்து கைதட்டியது. புஷ்பவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் மலர் மட்டும் தட்டவில்லை.

"இவரு நெசமாவே செய்வாராக்கா?" என்று காதோரம் கேட்டாள்.

"நான் இருக்கேன்ல. நான் விட்டுடுவேனா?" என்றாள் புஷ்பவல்லி.

கூட்டம் முடிந்ததும் அவளே மலரைக் கமலநாதனிடம் இழுத்துப் போனாள். இவள் ராணுவச் சம்பளத்தை வேண்டாமென்று எறிந்துவிட்டு வந்த டீச்சர் என்று பெருமையாக அறிமுகப்படுத்தினாள். கமலநாதன் மலரின் கையைப் பிடித்துக்கொண்டார். புகைப்படக்காரர் ஓடி வந்தார். மியன்மாரில் போராடுகிறவர்கள் மூன்று விரலைத் தூக்கிக் காட்டுவார்களே, அதைப் போல இருவரும் காட்டினால் நன்றாக இருக்கும் என்றார் அவர். மலர் ஓர் அடி பின்வாங்கினாள். படம் வேண்டாம் என்பது போலப் புஷ்பவல்லியைப் பார்த்தாள்.

"பயப்படாத, நம்ம லாயர் தம்பிதானே, தூக்கு" என்றாள் புஷ்பவல்லி.

மலர் கையைத் தூக்கினாள்.

படம் அன்றைக்கே கமலநாதனின் பக்கத்தில் ஏறியது. மறுநாள் பாராட்டு மழை. அதற்கடுத்த நாள் காற்று திரும்பியது. எதிர்த்தரப்புப் பொடியன்கள் அதே படத்தை எடுத்து, இவருக்கு வேண்டியது உங்கள் ஓட்டா, பர்மாக்காரர்களின் ஓட்டா என்று எழுதித் தொகுதி முழுவதும் பரப்பினார்கள். வாட்சாப் குழுக்களில், கோயில் கமிட்டியில், பாசாரில் காய் வாங்குமிடத்தில் எல்லாம் அதே பேச்சு. நம் பிள்ளைகளுக்கு வேலை இல்லை, இவர் அகதிக்கு வேலை கேட்கிறார். கட்சி பயந்துபோய்ப் படத்தை எடுத்துவிட்டது. ஆனால் பரவியது பரவியதுதான்.

அந்த வாரக் கடைசியில் தேர்தல் நடவடிக்கை அறைக்குப் புஷ்பவல்லியைக் கூப்பிட்டு, இனிமேல் வேனில் என்ன சொல்ல வேண்டும் என்று கமலநாதனே சொன்னார். பண்டமாரானை வெளிநாட்டுக்காரர்களிடமிருந்து மீட்போம், கடைத்தெருவைச் சுத்தம் செய்வோம், வேலை முதலில் நம்மவர்களுக்கு. இதை மட்டும் சொன்னால் போதும், மற்றதை விட்டுவிடுங்கள் என்றார். புஷ்பவல்லி நம்பாமல் அவர் முகத்தைப் பார்த்தாள். கூட்டத்தைச் சமாளிக்க ஏதோ சொல்கிறார், ஜெயித்த பிறகு செய்வார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அன்று வேனை எடுத்துக்கொண்டு போனவளுக்கு வாய் வரவில்லை. ஒலிபெருக்கி கெட்டுப்போய்விட்டது என்று பொய் சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை மதியம் கடைத்தெருவில் சோதனை நடந்தது. யாரோ புகார் கொடுத்தார்கள் என்றார்கள். யார் என்று கடைசி வரை தெரியவில்லை. டோபி கடை, பக்கத்துச் சாப்பாட்டுக் கடை, கார் கழுவும் இடம் என்று வரிசையாக நுழைந்து, முகத்தைப் பார்த்துப் பார்த்து ஆட்களை வெளியே உட்கார வைத்தார்கள். மலர் ஐநா அட்டையைக் காட்டினாள். அட்டை உண்மையா பொய்யா என்பதை டெப்போவில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி லோரியில் ஏற்றிவிட்டார்கள். கள்ளக்குடியேறிகளைப் பிடித்து அடைத்து வைக்கும் இடம்தான் டெப்போ. டோபி கடைக்காரர் போன் செய்தபோது புஷ்பவல்லி பிள்ளைகளை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். கடைசிப் பிள்ளை இறங்கியதும் வேனை நேராகக் கமலநாதனிடம் விட்டாள்.

அவர் அறையில் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தார். எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். புஷ்பவல்லி உட்காரவில்லை.

"தம்பி, மலரப் புடிச்சிட்டாங்க. நீங்க ஒரு போன் பண்ணுங்க. வக்கீலா பண்ணுங்க, அது போதும்."

"கேள்விப்பட்டேன் க்கா. கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இப்ப நான் போன் பண்ணா, அத அப்படியே புடிச்சிக்குவாங்க லா. ஓட்டுப்பதிவு முடியட்டும்."

"அதுக்குள்ள அவள அனுப்பிட்டா? அங்க போனா என்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும். நீங்கதான் மேடையில சொன்னீங்க."

"அக்கா, அது கொள்கை. நாட்டோட நிலைப்பாடு பத்தின பேச்சு. ஒரு தனி ஆளு கேஸ அதுகூட சேர்க்க முடியாது. நான் தோத்துட்டா அந்த மக்களுக்கு யாரு பேசுவா?"

புஷ்பவல்லியின் குரல் இறங்கியது. "அன்னிக்கு அவ கையப் புடிச்சீங்களே, அப்ப அது தனி ஆளு கையா, கொள்கையோட கையா?"

கமலநாதனின் கைப்பேசி அடித்தது, எடுத்துக்கொண்டார். சாயங்காலம் செராமாக் கூட்டம் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள், நீங்கள்தான் வரவேற்புரை என்று மட்டும் சைகையோடு நினைவுபடுத்தினார்.

வெளியே வந்து வேனில் உட்கார்ந்தாள். ரோஸ்லான் மீது அவளுக்கு அவ்வளவு கோபம் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. அந்த மனிதர் ஒன்றும் செய்ய மாட்டேன் என்று நேரடியாகச் சொன்னார். சுகுமாறன் பெட்டிக் கணக்குப் பார்த்தார், அதையும் மறைக்கவில்லை. இந்த ஆள்தான் கையை நீட்டி ஒருத்தியை வெளிச்சத்துக்கு இழுத்துவிட்டு, கையை மடக்கிக்கொண்டார். மூன்று பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மலருக்கு மூன்றும் ஒரே டெப்போவில்தான் போய் முடிந்தது. ஆனால் நம்ப வைத்தவர் ஒருவர்தான். நம்ப வைக்க உதவியது தன் வாய்தான்.

செராமா பாசாருக்குப் பக்கத்துத் திடலில். நாற்காலிகள் நிரம்பி, ஓரங்களில் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடி ஆண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் புஷ்பவல்லிக்குத் தெரிந்த முகங்கள். வேனில் வரும் பிள்ளைகளின் தாய்மார், சின்னையாவோடு துறைமுகத்தில் வேலை செய்தவர்கள். அவள் ஒலிவாங்கியை எடுத்ததும் வழக்கம்போலக் கைதட்டினார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம்," என்று தொடங்கினாள். "நம்ம வேட்பாளர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல பேசினாரு. மூணு வேட்பாளர்ல இவர் ஒருத்தர்தான் மியன்மார் சனங்க பக்கம் நின்னாரு. தப்பி வந்தவங்களுக்கு வேல செய்ற உரிம வாங்கிக் குடுப்பேன்னு சொன்னாரு. பெரிய பெரிய ஆளுங்க எழுந்து கைதட்டினாங்க. நானும் தட்டினேன். இங்க நான் வேற ஒண்ணு சொல்லணும்னு இப்ப சொல்றாரு. என்னால முடியல. அங்க பேசினத அவரே இங்க பேசட்டும். ஒரு வார்த்த கூட்ட வேணாம், கொறைக்க வேணாம்."

கூட்டத்தில் சலசலப்பு. மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னிக்கு டோபி கடையில ஒரு பொண்ணப் புடிச்சிட்டுப் போனாங்க. உங்க துணியெல்லாம் மடிச்சுக் குடுத்தாளே, அவதான். அவளோட நின்னு படம் புடிச்சவரு இவரு. அவளுக்காக ஒரு போன்கூட..."

ஒலிவாங்கி செத்தது. யாரோ பின்னால் இணைப்பைப் பிடுங்கிவிட்டார்கள். வேறொரு ஒலிவாங்கியோடு கமலநாதன் முன்னால் வந்தார். முகத்தில் அதே சிரிப்பு. புஷ்பவல்லியின் தோளில் கையை வைத்தார்.

"அக்காவுக்குப் பெரிய மனசு. அந்த மனசுதான் நம்ம கட்சி. ஆனா வெளிநாட்டு விவகாரம் வேற, உள்ளூர் விவகாரம் வேற. அந்த நாட்டுல போராடுற மக்களுக்கு என் ஆதரவு என்னிக்கும் உண்டு. இந்த மண்ணுல முதல் உரிமை நம்ம மக்களுக்குத்தான்."

கைதட்டல் பலமாக எழுந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் கேட்டதைவிடப் பலமாக. புஷ்பவல்லி அவர் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டாள்.

"அங்க நின்னு செத்தா ஆதரவு. உயிரோட இங்க வந்தா லோரியில ஏத்துவீங்க," என்றாள். ஒலிவாங்கி இல்லாமலே முதல் சில வரிசைகளுக்குக் கேட்டது.

அப்போது இரண்டாம் வரிசையிலிருந்து புனிதா எழுந்தாள். அவளுடைய இரண்டு பெண்களும் புஷ்பவல்லியின் வேனில்தான் பள்ளிக்குப் போகிறார்கள். அவள் கத்தவில்லை.

"அக்கா, என் வீட்டுக்காரர கெடங்கு வேலையிலேர்ந்து நிப்பாட்டிட்டாங்க. அங்க இப்ப பூரா வெளிநாட்டுக்காரங்க. எங்களுக்கு எந்த மேடையிலயாவது நீங்க இப்படிப் பேசுனீங்களா?"

புஷ்பவல்லிக்குச் சட்டென்று ஒரு பதில்கூடக் கிடைக்கவில்லை. பின்னாலிருந்து ஒருவன், பர்மாக்காரியை உன் வீட்டிலேயே வைத்துக்கொள், எங்கள் தலையில் கட்டாதே என்றான். சிலர் சிரித்தார்கள். அவள் மேடையை விட்டு இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வேனுக்கு வந்தாள். யாரும் வழிமறிக்கவில்லை, யாரும் கூடவும் வரவில்லை.

வேன் பாதி வழி வந்த பிறகுதான் பதில் வந்தது. உன் புருஷனை நிறுத்தியது மலரா, கிடங்கு முதலாளியா? வெளிநாட்டு ஆட்களின் வேலைப் பெர்மிட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரைச் சம்பளத்துக்கு ஆளைப் பிழிகிறவனை யாரும் லோரியில் ஏற்றவில்லையே? ஸ்டியரிங்கை அடித்துக்கொண்டு தனியாகக் கத்தினாள். வேண்டிய நேரத்தில் வராத அந்தப் பதில்மீதுதான் அன்றைக்கு அவளுக்கு எல்லாவற்றையும்விட அதிகக் கோபம்.

கமலநாதன் ஜெயித்தார். நல்ல வித்தியாசத்தில். புஷ்பவல்லியைக் கட்சிக் குழுவிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். சில தாய்மார் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றினார்கள். புனிதா மாற்றவில்லை. காலையில் பிள்ளைகளை ஏற்றும்போது இருவரும் முகத்தைப் பார்த்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

மலரை வடக்கே தூரத்தில் ஒரு டெப்போவில் வைத்திருந்தார்கள். அகதிகளுக்காக வழக்காடும் அனுப்பிரியா என்ற இளம் வழக்கறிஞர் ஒருத்தியை ஷாமினி அறிமுகப்படுத்தினாள். அனுப்பிரியா மேடையில் பேசுகிற ஆளில்லை. கடிதம் மேல் கடிதம் எழுதுகிற ஆள். ஐநா அலுவலகத்தை அவள் விடாமல் நச்சரித்தாள். புஷ்பவல்லி வேன் ஓட்டம் இல்லாத நாட்களில் சின்னையாவையும் கூட்டிக்கொண்டு டெப்போ வாசலுக்குப் போனாள். உறவுக்காரர் இல்லை என்று சொல்லி உள்ளே விட மாட்டார்கள். முதுகைப் பிடித்துக்கொண்டு சின்னையா வெயிலில் நிற்பார். வீட்டுக்குத் திரும்பலாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வாரங்கள் போயின. ஒருவழியாக அட்டை உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு மலரை வெளியே விட்டார்கள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. கமலநாதன் இறங்கினார். பின்னால் பழக்கூடையோடு ஒருவர், கேமராவோடு அதே புகைப்படக்காரர். புஷ்பவல்லி கேட்டைத் திறக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விடுதலையாயிட்டாங்கன்னு கேட்டதும் ஓடி வந்தேன் க்கா. நம்ம தரப்புலயும் பின்னால இருந்து பேசிக்கிட்டுத்தான் இருந்தோம்," என்றார்.

புஷ்பவல்லி வாய் திறப்பதற்குள் மலர் வெளியே வந்துவிட்டாள். கேட்டருகே வந்து, கேமராக்காரரைப் பார்த்து, அதைக் கீழே போடுங்கள் என்பது போலக் கையைக் காட்டினாள். அவர் இறக்கினார்.

"அந்தப் படம் எங்க ஊரு வரைக்கும் போச்சு, சார்," என்றாள். அவளுடைய தமிழில் பர்மியச் சாயல் உண்டு, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழும். "பட்டாளத்துக்காரன் எங்க அம்மா வீட்டுக் கதவ ஒடச்சிருக்கான். அம்மா இப்ப எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. நீங்க எடுத்துட்டா படம் போயிருமா? பழத்த எடுத்துக்கிட்டுப் போங்க."

கமலநாதன் காரில் ஏறினார். கார் திரும்பிப் போனது. புஷ்பவல்லி நன்றாகச் சொன்னாய் என்று மலரின் கையைப் பிடிக்கப் போனாள். மலர் கையை இழுத்துக்கொண்டாள்.

"கை தூக்குன்னு அவரு சொல்லல. நீங்கதான் சொன்னீங்க," என்றாள்.

நான் நல்லதுக்குத்தானே என்று தொடங்கிய புஷ்பவல்லி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்த வாக்கியத்தை யார் யார் வாயிலெல்லாம் கேட்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த மாதமே மலர் சுங்கை வேயில் இருக்கும் பர்மாக்காரத் தோழிகளோடு தங்கப் போய்விட்டாள். சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கியது புஷ்பவல்லிதான். நாடாளுமன்றம் கூடியபோது, மக்கள் எழுச்சிகளுக்கு மலேசியா துணைநிற்க வேண்டும் என்று கமலநாதன் உருக்கமாகப் பேசியதைப் பலரும் பகிர்ந்தார்கள். அவர் சொன்ன வேலை உரிமைத் தீர்மானம் மட்டும் இன்றுவரை வரவில்லை. புஷ்பவல்லி மாதம் தவறாமல் அவருடைய சேவை மையத்துக்குப் போய், அது என்ன ஆயிற்று என்று கேட்கிறாள். மெதுவான குரலில்தான் கேட்பாள். அங்கிருக்கும் பெண் அவளைக் கண்டாலே எழுந்து உள்ளே போய்விடுகிறாள். புஷ்பவல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். போன மாதம் அவளோடு புனிதாவும் வந்தாள். அவளுடைய கேள்வி கிடங்கைப் பற்றி. இருவரும் வரும்போதும் போகும்போதும் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் ஒரே வேனில்தான் வந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலர் போன் செய்தாள். அம்மா வேறு ஊரில் உயிரோடு இருப்பதாகச் செய்தி வந்திருந்தது. கணவனைப் பற்றி ஒன்றுமில்லை. பிறகு, மீன் சாறு ஊற்றிய பர்மா நூடுல்ஸ் செய்திருக்கிறேன், அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள்.

"கோவம் போயிருச்சா?" என்று புஷ்பவல்லி கேட்டாள்.

"போகலக்கா."

"எனக்கும் போகல," என்றாள் புஷ்பவல்லி. சின்னையாவைச் சட்டையை மாட்டச் சொல்லிவிட்டு வேன் சாவியை எடுத்தாள்.